காலையில் கறக்கும் கதிரியக்கம்: ஐசோடோப்புகள் குறித்த கேள்வி பதில்

அணு மருத்துவத் துறையில், நோயாளிகளுக்குச் செலுத்தும் கதிரியக்க மருந்துகளைத் தயாரிக்கும் அறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். கதிரியக்க ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறுபட்டுக் கதிர்வீசும் அணுக்கள்) எங்கே, எப்படி உருவாகின்றன, மருத்துவத்திலும் ஆராய்ச்சியிலும் எதற்குப் பயன்படுகின்றன என்று வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியுள்ளேன். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி): ஐயா, யுரேனியமும் ரேடியமும் இயற்கையிலேயே கதிரியக்கம் உடையவை என்று படித்தோம். மருத்துவமனையில் பயன்படும் அயோடினும் கோபால்ட்டும் அப்படிப்பட்டவை அல்லவே? அவற்றுக்குக் கதிரியக்கம் எங்கிருந்து வந்தது?

பதில்: அணுக்கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் தமக்குள் ஒத்துப்போகும் விகிதத்தில் இருக்கும்வரை அது அப்படியே நிலைத்திருக்கும். அந்த விகிதத்தைக் குலைத்துவிட்டால், அது கதிர்வீச்சை வெளியிட்டுத்தான் மீண்டும் நிலைபெற முடியும். இதை முதன்முதலில் செய்து காட்டியவர்கள் ஐரீன் ஜோலியோ-கியூரியும் பிரெடெரிக் ஜோலியோவும். அவர்கள் 1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பொலோனியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை ஓர் அலுமினியத் தகட்டின் மீது விழச் செய்தார்கள். பொலோனியத்தை அப்புறப்படுத்திய பிறகும் தகடு சில நிமிடங்கள் கதிர்வீசிக்கொண்டே இருந்தது. அலுமினிய அணுக்களில் சில பாஸ்பரஸ்-30 ஆக மாறியிருந்ததே காரணம். அத்துடன் விட்டுவிடாமல், தகட்டை அமிலத்தில் கரைத்து, கதிரியக்கம் பாஸ்பரஸைத் தாங்கிய வாயுவுடன்தான் வெளியேறுகிறது என்பதை அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே வேதியியல் முறையில் நிறுவினார்கள். மறு ஆண்டே அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலையை முடித்தாக வேண்டும் என்ற எங்கள் துறையின் கட்டாயம் அந்த முதல் சோதனையிலேயே தொடங்கிவிட்டது.

இன்று பெரும்பாலும் ஆல்ஃபாவுக்குப் பதிலாக நியூட்ரானையே பயன்படுத்துகிறோம். மின்னூட்டம் இல்லாததால் அது அணுக்கருவுக்குள் தடையின்றி நுழையும். சாதாரண கோபால்ட்-59ஐ அணு உலையில் நீண்ட காலம் வைத்திருந்தால், ஒரு நியூட்ரானை ஏற்றுக்கொண்டு கோபால்ட்-60 ஆகிறது. அயோடின்-131 சற்றுச் சுற்றி வருகிறது. டெலூரியம்-130 நியூட்ரானை ஏற்று டெலூரியம்-131 ஆகி, பீட்டா சிதைவின் (நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறி எலக்ட்ரானை வெளியிடுவதன்) வழியே அயோடினாக மாறுகிறது. உலையிலிருந்து எடுத்த டெலூரியம் ஆக்ஸைடைச் சூடாக்கினால் அயோடின் ஆவியாகத் தனியே பிரிந்து வந்துவிடும்.

கேள்வி (பொறியியல் மாணவர்): சில ஐசோடோப்புகளுக்கு அணு உலையும் சிலவற்றுக்கு சைக்ளோட்ரானும் தேவைப்படுவது ஏன்?

பதில்: உலை நியூட்ரானைத் தருகிறது, ஆகவே அதில் விளைபவை பெரும்பாலும் நியூட்ரான் மிகுந்தவை, பீட்டா துகளை வெளியிடுபவை. சைக்ளோட்ரான் புரோட்டானை முடுக்கி மோதவிடுகிறது. அதில் விளைபவை புரோட்டான் மிகுந்தவை, அவற்றில் பல, நேர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானான பாசிட்ரானை வெளியிடுகின்றன. பாசிட்ரானைக் கொண்டு உடலுக்குள் படமெடுக்கும் பெட் ஸ்கேனுக்கு வேண்டிய ஃபுளூரின்-18 இந்த இரண்டாம் வகை. கன ஆக்சிஜன்-18 செறிந்த நீர் சில மில்லிலிட்டர் மட்டும் எடுத்து, அதன் மீது புரோட்டான் கற்றையைப் பாய்ச்சினால் ஃபுளூரின்-18 கிடைக்கும். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடங்கள். அதைக் குளுக்கோஸ் போன்ற ஒரு மூலக்கூறில் இணைத்து, சோதித்து, வண்டியில் ஏற்றி, மருத்துவமனையில் இறக்குவதற்குள் பாதிக்கு மேல் கரைந்துபோயிருக்கும் என்பதால், சைக்ளோட்ரான் நகரத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): எனக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தபோது "டெக்னீசியம்" ஊசி போட்டு மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். அது என்ன மருந்து, எங்கிருந்து வருகிறது?

பதில்: ஐயா, உலகெங்கும் அணு மருத்துவத்தில் மிக அதிகமாகப் பயன்படுவது அந்த டெக்னீசியம்-99எம் தான். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அது வெளியிடும் 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிர் உடலைத் தாண்டி வெளியே வரும் அளவுக்கு வலிமையானது. கேமராவின் படிகத்தில் சிக்கும் அளவுக்கு மென்மையானது. எலும்பில் படியும் பாஸ்பேட் வகை மருந்துடன் அதை இணைத்து ஊசியாகச் செலுத்துகிறோம். மருந்து எலும்பில் சேரவும், சேராத மிச்சம் சிறுநீரில் வெளியேறவும் இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொன்னது அதற்காகத்தான்.

6 மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருளைத் தொலைவிலிருந்து வரவழைக்க முடியாது. ஆனால் அதன் தாய்த் தனிமமான மாலிப்டினம்-99க்கு 66 மணி நேர அரை ஆயுள் உண்டு. தாயை அனுப்பிவிட்டால், பிள்ளையை மருத்துவமனையிலேயே பிரித்துக்கொள்ளலாம். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உருவான டெக்னீசியம் ஜெனரேட்டர் என்ற கருவியின் கருத்து இதுவே. ஈயக் கவசத்துக்குள் ஒரு சிறு கண்ணாடிக் குழாய். அதில் அலுமினாத் தூள். தூளின் மீது மாலிப்டினம் இறுகப் பற்றியிருக்கும். அது சிதைந்து டெக்னீசியமாக மாறியதும் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

நான் காலையில் செய்யும் முதல் வேலை அதைக் கறப்பது. ஆம், "கறப்பது" என்றே நாங்கள் சொல்கிறோம், ஜெனரேட்டரைப் பசு என்றே அழைக்கிறோம். ஒரு முனையில் சலைன் என்ற உப்புக் கரைசல் இருக்கும். மறுமுனை ஊசியின் மீது, ஈயக் கூட்டுக்குள் வைத்த வெற்றிடக் குப்பியைக் கவிழ்த்து அழுத்துவேன். குப்பியின் வெற்றிடம் சலைனைத் தூளின் வழியே இழுக்கும். கடைசியில் காற்று குமிழியிடும் மெல்லிய ஓசை கேட்கும். குப்பிக்குள் இருப்பது தண்ணீரைப் போலவே தெளிவான திரவம். அதன் கதிரியக்கத்தை அளப்பேன். பிறகு கனமான ஈய உறைக்குள் வைத்து மீண்டும் ஒருமுறை அளப்பேன். டெக்னீசியத்தின் மென்மையான கதிர் ஈயத்தில் நின்றுவிடும். மாலிப்டினம் ஏதேனும் தப்பி வந்திருந்தால் அதன் வலிய கதிர் ஈயத்தைத் தாண்டிக் கருவியில் தெரிந்துவிடும். அலுமினியம் கலந்திருக்கிறதா என்று சோதனைத் தாளில் ஒரு துளி வைத்து நிறத்தையும் ஒப்பிடுவேன். இவை இரண்டும் சரியாக அமையாமல் ஒரு துளி மருந்தும் அறையை விட்டு வெளியே போகாது. அடுத்த நாள் காலைக்குள் மடி மீண்டும் நிறைந்திருக்கும், ஆனால் முந்தைய நாள் அளவில் ஏறத்தாழ 78 விழுக்காடுதான். திங்கட்கிழமை இருந்ததில் வெள்ளிக்கிழமை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிஞ்சும். வார இறுதியில் ஸ்கேன் நேரம் கேட்பவர்களிடம் தயங்குகிறோம் என்றால் காரணம் இதுதான்.

கேள்வி (மேற்கண்டவரின் மகள்): அப்பா அன்றிரவே பேத்தியைத் தூக்கலாமா? உடம்பில் எத்தனை நாள் இருக்கும்?

பதில்: ஒரு நாளில் நான்கு அரை ஆயுள்கள் கடந்துவிடும்; பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். அதிலும் பெரும்பகுதி சிறுநீரில் போயிருக்கும். அன்று மாலை மட்டும் குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திராமல், மறுநாள் தாராளமாகக் கொஞ்சட்டும். எலும்பு ஸ்கேனில் உடல் பெறும் கதிர்வீச்சு அளவு ஏறத்தாழ 4 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கைக் கதிர்வீச்சிலிருந்து உலகில் ஒவ்வொருவரும் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம்.

கேள்வி (நோயாளி ஒருவரின் உறவினர்): "மருந்து வரவில்லை" என்று ஸ்கேன் தேதியைத் தள்ளிவைத்தார்கள். இவ்வளவு முக்கியமான பொருளை முன்கூட்டியே வாங்கி வைக்கக் கூடாதா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இந்தப் பொருளைச் சேமித்து வைக்கவே முடியாது. அரிசியைப் போலக் கிடங்கில் அடுக்க முடியாது. பாலைப் போலக் குளிரூட்டவும் முடியாது, ஏனெனில் அணுக்கருச் சிதைவை வெப்பமோ குளிரோ தொடுவதில்லை. உலையிலிருந்து வெளியே எடுத்த நொடியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு மாலிப்டினம் மறைந்துகொண்டே இருக்கும்.

உலகில் பெரும்பகுதி மாலிப்டினம்-99, யுரேனியம்-235 பிளவுபடும்போது கிடைக்கும் துண்டுகளில் ஒன்றாகப் பிரித்தெடுக்கப்படுகிறது. நூறு பிளவுகளில் ஏறத்தாழ ஆறு மாலிப்டினம்-99ஐத் தரும். இந்த வேலையைச் செய்யும் உலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: நெதர்லாந்தின் பெட்டன், பெல்ஜியத்தின் மோல், தென்னாப்பிரிக்காவின் பெலிண்டாபா, ஆஸ்திரேலியாவின் ஓபல், போலந்தின் மரியா என்று சில. பலவும் அரை நூற்றாண்டைக் கடந்தவை. கனடாவின் சாக் ரிவரில் 1957 முதல் இயங்கிய என்.ஆர்.யு. உலை, உலகத் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தந்துவந்தது. 2009 மே மாதம் அதில் கனநீர்க் கசிவு கண்டுபிடிக்கப்பட்டு, 2010 ஆகஸ்ட் வரை மூடியிருந்தது. அதே 2010இல் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காகச் சில மாதங்கள் நின்றது. டெக்னீசியம் கிடைக்காமல், இதய ஸ்கேனுக்குப் பழைய தாலியம்-201க்குத் திரும்பியவர்களும், எலும்புக்கு ஃபுளூரைடு பெட் ஸ்கேன் எடுத்தவர்களும் உண்டு. கனடாவின் அந்த என்.ஆர்.யு. உலை 2018இல் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. இத்தனை நோயாளிகளின் பரிசோதனை ஒரு சில பழைய உலைகளை நம்பியிருப்பதை, இத்துறையில் இருக்கும் எவராலும் மனம் கலங்காமல் நினைக்க முடியாது.

இந்தியா நெடுங்காலம் வேறு வழியில் போனது என்பதையும் சொல்ல வேண்டும். யுரேனியப் பிளவுக்குப் பதிலாக, சாதாரண மாலிப்டினம் ஆக்ஸைடையே டிராம்பேயில் உள்ள துருவா உலையில் வைத்து எடுத்தார்கள். இயற்கை மாலிப்டினத்தில் நாலில் ஒரு பங்குதான் மாலிப்டினம்-98. அதுவும் நியூட்ரானை எளிதில் ஏற்காது. ஆகவே ஒரு கிராமுக்குக் கிடைக்கும் கதிரியக்கம் குறைவு. சிறிய அலுமினாக் குழாய் அத்தனை மாலிப்டினத்தைத் தாங்காது. எனவே காரக் கரைசலிலிருந்து மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானால் டெக்னீசியத்தை மட்டும் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சியதைச் சலைனில் கரைத்துக்கொண்டார்கள். குழாயைவிடக் கைவேலை அதிகம். ஆனால் செறிவூட்டிய யுரேனியம் வேண்டாம். பிளவுக் கழிவும் இல்லை. நான் இத்துறையில் கற்றுக்கொண்டது அந்தக் கருவியில்தான். அதன் மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

கேள்வி (இளம் தாய்): எனக்குத் தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தது. அயோடின் மருந்து கொடுத்துத் தனி அறையில் வைப்பார்களாம். கைக்குழந்தை இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, முதலில் ஒன்று: தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அதை இன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாலில் அயோடின் சேரும். குழந்தையின் தைராய்டு அதை உறிஞ்சிவிடும். ஆகவே சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும். இந்தக் குழந்தைக்கு அதன் பிறகு தொடரக் கூடாது. அடுத்து பிறக்கும் குழந்தைக்குத் தடையில்லை. ஆனால் கருவுறுவதை எத்தனை மாதம் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக ஆறு மாதமாவது சொல்வார்கள்.

இந்த மருந்தின் சிறப்பு, உடலில் அயோடினை மிக விரும்பிச் சேர்ப்பது தைராய்டுத் திசு என்பதுதான். அறுவைக்குப் பின் எங்கே ஒரு துணுக்கு எஞ்சியிருந்தாலும் அது தானே அயோடினை இழுத்துக்கொள்ளும். அங்கே வெளிப்படும் பீட்டா துகள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் தன் ஆற்றலைக் கொட்டிவிடும். 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் மிகை தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்ததிலிருந்து தொடரும் சிகிச்சை இது. தனி அறை உங்களுக்கான தண்டனை அல்ல. அயோடின்-131 காமா கதிரையும் வெளியிடுவதால், மற்றவர்களைக் காப்பதற்காகவே அந்த ஏற்பாடு. அதன் அரை ஆயுள் 8 நாள். ஆனால் திசுவில் ஒட்டாத பெரும்பகுதி முதல் இரண்டு நாள்களிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும். நிறையத் தண்ணீர் குடியுங்கள்; கழிப்பறையில் ஒன்றுக்கு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். வீடு திரும்பிய பின் எத்தனை நாள் குழந்தையிடமிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதை உங்கள் உடலை அளந்துதான் சொல்வார்கள். அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையைக் கவனிக்க உங்கள் அம்மாவையோ அத்தையையோ முன்பே வரச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் நோயாளிகளை வாட்டுவது மருந்தைவிட அந்தப் பிரிவுதான்.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர்): மருத்துவத்துக்கு வெளியே, ஆராய்ச்சியில் இவற்றின் பங்கு என்ன?

பதில்: தனி நூலுக்குரிய கேள்வி, ஒரே இழையை மட்டும் தொடுகிறேன். கதிரியக்க அணு வேதியியலில் தன் உடன்பிறந்த அணுவைப் போலவே நடந்துகொள்ளும், ஆனால் தான் இருக்கும் இடத்தை அறிவித்துக்கொண்டே போகும். ஜார்ஜ் டி ஹெவெசி 1923இல் கதிரியக்க ஈயம் கலந்த கரைசலில் அவரைச் செடிகளை வைத்து, அது வேரிலிருந்து எங்கே செல்கிறது என்று தொடர்ந்தார். 1952இல் ஹெர்ஷியும் சேஸும் வைரஸின் டி.என்.ஏ.வைப் பாஸ்பரஸ்-32ஆலும் புரதத்தைக் கந்தகம்-35ஆலும் அடையாளமிட்டு, பாக்டீரியாவுக்குள் நுழைவது டி.என்.ஏ.தான் என்று காட்டினார்கள். புரதத்தில் பாஸ்பரஸ் இல்லை, டி.என்.ஏ.வில் கந்தகம் இல்லை. அந்தத் தேர்வின் நேர்த்தியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். கால்வின் குழு கார்பன்-14ஐக் கொண்டு, இலை கார்பன் டை ஆக்ஸைடைச் சர்க்கரையாக்கும் பாதையைப் படிப்படியாக வரைந்ததும் இதே வழியில்தான்.

கேள்வி (செங்கல்பட்டு வாசகர்): கல்பாக்கத்தில் மின்சாரம் தவிர மருந்தும் கிடைக்கிறதா?

பதில்: கிடைத்திருக்கிறது. அங்குள்ள வேக ஈனுலையில், யிட்ரியம்-89ஐ வேக நியூட்ரான்களால் தாக்கி ஸ்ட்ரான்சியம்-89 உருவாக்கியிருக்கிறார்கள். நியூட்ரான் உள்ளே போக, புரோட்டான் வெளியே வரும் இந்த வினைக்கு வேக நியூட்ரான்கள் தேவை. அதனால் அந்த உலை அதற்குப் பொருத்தமானது. ஸ்ட்ரான்சியம்-89இன் அரை ஆயுள் ஏறத்தாழ 50 நாள். கால்சியத்தைப் போல எலும்பில் சேர்வதால், புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களின் வலியைத் தணிக்கப் பயன்படும்.

கேள்வி (வெங்காய வியாபாரி): கோபால்ட்-60 கதிரில் வைத்த வெங்காயம் கதிரியக்கம் உடையதாகிவிடுமா?

பதில்: ஆகாது. கோபால்ட்-60இன் காமா கதிர்களுக்கு 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல்தான். உணவில் உள்ள அணுக்கருக்களை மாற்ற அது போதாது. முளைவிடும் செல்களைத் தடுக்கும், அவ்வளவே. உங்கள் சரக்கைத் தயங்காமல் விற்கலாம்.