படகு விற்ற காசும் 0.85 மார்க்கும்

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: இருபத்திரண்டு வருஷம் விசைப்படகு வைத்திருந்தவன் நான். போன தடைக்காலத்தில் படகை விற்றுவிட்டு, வந்ததில் நாலு லட்சத்தை டோல் ரோடுகள் வைத்திருக்கும் இன்விட் (ரோடு, கரண்ட் தடம் போன்றவற்றை வைத்திருந்து வரும் பணத்தைப் பிரித்துக்கொடுக்கும் முதலீட்டு டிரஸ்ட்) ஒன்றில் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பணம் வருகிறது. சென்னையில் இருக்கும் தங்கை மகன் ஏதோ ஆப்பில் பார்த்துவிட்டு, "மாமா, ஆல்ட்மன் இசட் ஸ்கோர் 0.85, அபாய மண்டலம், உடனே வித்துருங்க" என்று சிவப்புக் கலரில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறான். எனக்கும் வீட்டுக்காரிக்கும் மாத்திரை வாங்குவதே இந்தப் பணத்தில்தான். விற்கவா சார், வைக்கவா?
– பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: மருமகன் கணக்கைத் தப்பாகப் போடவில்லை அண்ணே. ஐஸ் கம்பெனியை அளக்கச் செய்த கோலை எடுத்துக்கொண்டு வந்து படகை அளந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த இசட் ஸ்கோரை 1968-இல் வெளியிட்டவர் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஆல்ட்மன். 66 அமெரிக்கக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டார். 33 திவாலானவை, 33 தாக்குப்பிடித்தவை, எல்லாமே பொருள் உற்பத்தி செய்கிற கம்பெனிகள். திவாலானவற்றின் கணக்குப் புத்தகத்தில் முன்கூட்டியே என்ன அடையாளம் தெரிந்தது என்று தேடி, ஐந்து விகிதங்களை ஒரே எண்ணாகச் சேர்த்தார். 2.99-க்கு மேல் பத்திரம், 1.81-க்குக் கீழ் அபாயம், நடுவில் இருப்பது இரண்டும்கெட்டான். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் பேங்க்காரர்கள் இதைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் சரக்கு இல்லாமல் இல்லை.

உங்கள் டிரஸ்ட் எது என்று நீங்கள் எழுதவில்லை, அதுவும் நல்லதுதான். கற்பனையாக ஒரு டிரஸ்ட்டை வைத்து 0.85 எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். மொத்தச் சொத்து 10,000 கோடி. கடனும் மற்ற பொறுப்புகளும் 5,000 கோடி. டோல் வசூல் 1,400 கோடி, பராமரிப்பு, சம்பளமெல்லாம் போக 1,150 கோடி. அதில் தேய்மானம் (சொத்து தேய்வதற்காகப் புத்தகத்தில் கழிக்கும் தொகை, கையை விட்டுப் போகிற காசு இல்லை) என்று 500 கோடியைக் கழித்து எழுதினால் வட்டிக்கு முந்தைய லாபம் 650 கோடி. வட்டி 400 கோடி. சந்தையில் யூனிட்டுகளின் (கம்பெனிக்குப் பங்கு மாதிரி டிரஸ்ட்டுக்கு யூனிட்) மொத்த மதிப்பு 5,500 கோடி. நடைமுறை மூலதனம் (ஒரு வருஷத்துக்குள் கைக்கு வரவேண்டியதிலிருந்து கட்டவேண்டியதைக் கழித்தது) மைனஸ் 200 கோடி. இதுவரை சேர்த்துவைத்த லாபம் என்ற வரியில் மைனஸ் 1,000 கோடி.

இப்போது ஆல்ட்மன் சொன்னபடி பெருக்குவோம். நடைமுறை மூலதனம் சொத்தில் மைனஸ் 2 சதவீதம், அதை 1.2-ஆல் பெருக்கினால் மைனஸ் 0.02. சேர்த்த லாபம் மைனஸ் 10 சதவீதம், 1.4-ஆல் பெருக்க மைனஸ் 0.14. வட்டிக்கு முந்தைய லாபம் 6.5 சதவீதம், 3.3-ஆல் பெருக்க 0.21. சந்தை மதிப்பைப் பொறுப்புகளால் வகுத்தால் 1.1, அதை 0.6-ஆல் பெருக்க 0.66. கடைசியில் வசூலைச் சொத்தால் வகுக்க 0.14. கூட்டிப் பாருங்கள், 0.85. மருமகன் அனுப்பிய அதே சிவப்பு.

உற்பத்தி செய்யாத கம்பெனிகளுக்கென்று ஆல்ட்மனே பின்னால் ஒரு சூத்திரம் கொடுத்தார், விற்பனை விகிதத்தை எடுத்துவிட்டு. அதில் 2.6-க்கு மேல் பத்திரம், 1.1-க்குக் கீழ் அபாயம். நம் கற்பனை டிரஸ்ட்டுக்கு அதிலும் 1.03தான் வருகிறது. எந்தக் கோலை எடுத்தாலும் ஃபெயில்.

ஆனால் ரொக்கத்தைப் பாருங்கள். 1,150 கோடி கைக்கு வருகிறது, வட்டி 400 கோடி; வட்டியைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு வரவு. வரி ஒரு 50 கோடி போனாலும் 700 கோடி கையில் நிற்கிறது. இதைத் திவாலாகப்போகிற ஆள் என்று யார் சொல்வார்கள்?

மார்க்கைக் கீழே இழுக்கும் மைனஸ்களில் பெரியது அந்த மைனஸ் 1,000 கோடி. அது நஷ்டத்தில் வந்ததில்லை. இன்விட்டுகளுக்கு, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2014-இல் போட்ட விதிப்படி, பகிர்ந்தளிக்கக்கூடிய ரொக்கத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். கணக்குப்படி லாபம் 200 கோடி, கொடுத்தது 700 கோடி. வித்தியாசம் 500 கோடி, அதாவது தேய்மானம் என்று எழுதிய அதே தொகை. வருஷத்துக்கு 500 கோடி என்றால் இரண்டே வருஷத்தில் மைனஸ் 1,000 கோடி. மூன்றாம் வருஷம் எல்லாம் நன்றாக நடந்தாலும் மார்க் இன்னும் இறங்கும்.

உங்கள் படகுக் கணக்கையே நினைத்துப் பாருங்கள். கரை வந்ததும் ஏலம், அப்புறம் டீசல், ஐஸ், ரேஷன் செலவைக் கழித்து மிச்சத்தை ஓனருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பீர்கள். "பலகை தேய்ந்ததற்கு இவ்வளவு, இன்ஜின் தேய்ந்ததற்கு இவ்வளவு" என்று அந்தப் பங்கிலிருந்து யாராவது எடுத்து வைத்ததுண்டா? ஒரு ஆடிட்டர் வந்து எழுதியிருந்தால், லாபத்தைவிட அதிகமாகப் பிரித்துக்கொண்டீர்கள் என்று வருஷா வருஷம் எழுதியிருப்பார், நீங்களோ அதே படகை வைத்துப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்திருப்பீர்கள்.

சரி, அப்படியென்றால் ஸ்கோரைத் தூக்கிக் கடலில் போட்டுவிடலாமா? கூடாது. ஏனென்றால் பலகை நிஜமாகவே தேய்கிறது. கரண்ட் கம்பித்தடம் வைத்திருக்கும் இன்விட்டில் ஒப்பந்தம் பெரும்பாலும் 35 வருஷம் ஓடும், அதற்கப்புறமும் பல தடங்களில் கோபுரமும் கம்பியும் அவர்களுடையதாகவே இருக்கும். டோல் ரோடு அப்படியில்லை. வசூல் உரிமை முடிகிற அன்றைக்கு ரோடு அரசாங்கத்துக்குப் போய்விடும், டிரஸ்ட் கையில் மிஞ்சுவது டோல் பூத்தில் கிழித்த ரசீதுக் கட்டை. ஆகவே உங்கள் டிரஸ்ட்டில் அந்த 500 கோடி தேய்மானம் வெறும் பேனாக் கணக்கு இல்லை. மருமகனின் சிவப்பு மார்க்குக்குள் ஒளிந்திருக்கும் ஒரே நிஜச் செய்தி அதுதான், ஆப் அதை உங்களிடம் பிரித்துச் சொல்லவில்லை.

அதனால் பார்க்கவேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. வருஷ அறிக்கையில் மதிப்பீட்டாளர் அறிக்கை என்று ஒரு பகுதி இருக்கும். ஒவ்வொரு ரோட்டுக்கும் உரிமை இன்னும் எத்தனை வருஷம் என்று போட்டிருப்பார்கள். வசூலில் பாதியைக் கொண்டுவருகிற ரோட்டுக்கு எட்டு வருஷமும், ஒன்றுமில்லாத ரோட்டுக்கு இருபது வருஷமும் இருந்து, "சராசரி பதினாலு" என்று முதல் பக்கத்தில் போட்டால் அதை நம்பாதீர்கள். அப்புறம் கடன். சொத்து மதிப்பில் 49 சதவீதம் வரை வாங்கலாம். அதற்கு மேல் 70 வரை போகவேண்டுமென்றால் ஏஏஏ என்ற உச்சத் தரச்சான்று, தொடர்ந்து பணம் பகிர்ந்த வரலாறு என்று நிபந்தனைகள் உண்டு. உங்கள் டிரஸ்ட் எந்த வருஷம் எவ்வளவு அசலைத் திருப்பவேண்டும், வட்டி சந்தையோடு ஏறி இறங்குவதா நிலையானதா என்று பாருங்கள். அசலைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவது இவர்களுக்குச் சகஜம். வட்டி ஏறிய நேரத்தில் அது வந்து மாட்டினால் உங்கள் மூன்று மாதப் பணம்தான் முதலில் மெலியும்.

பச்சை மார்க்கையும் அப்படியே நம்பவேண்டாம். நான் ராமநாதபுரத்தில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கடலோரத்து ஐஸ் கம்பெனி ஒன்றுக்கு லோன் பேப்பரோடு இதே ஸ்கோரைப் போட்டு வைத்தோம். 3-க்கு மேல், ஜம்மென்று வந்தது. அடுத்த ஏப்ரல் 15-ஆம் தேதி தடைக்காலம் தொடங்கி 61 நாள் முடிவதற்குள் ஷட்டர் இறங்கிவிட்டது. வரவேண்டிய பாக்கி என்று நாங்கள் எழுதியதில் பாதி, கடலுக்குப் போவதையே நிறுத்திவிட்ட படகுகள் மேல் நின்ற கடன். புத்தகத்தில் அது நடப்புச் சொத்து, ஆகவே மார்க் ஏறியது. வசூலிக்கப் போன பையன் வெறும் சைக்கிளோடு திரும்பி வந்தான்.

0.85-க்காக விற்கவேண்டாம் அண்ணே. ரோடுகளின் மீதி வருஷத்தைப் பார்த்து, பெரிய ரோடு பத்து வருஷத்துக்குள் முடிகிறது, புது ரோடு வாங்கும் பேச்சும் இல்லை என்றால், அப்போது பாதியைக் கரண்ட் தடப் பக்கம் மாற்றுங்கள். வருகிற பணம் முழுவதையும் மாத்திரைக்குச் செலவழிக்காமல் கொஞ்சம் போஸ்ட் ஆபீசில் போட்டுவையுங்கள். அது பலகை தேய்ந்த காசு.

கேள்வி: இசட் ஸ்கோர் சரிப்படாது என்றால், பியோட்ராஸ்கியின் எஃப் ஸ்கோரை ரீட் (வாடகைக் கட்டிடங்களை வைத்திருக்கும் இதே மாதிரி டிரஸ்ட்), இன்விட்டுக்குப் பயன்படுத்தலாமா?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: ஜோசப் பியோட்ராஸ்கி 2000-இல் சொன்ன 9 மார்க் பரீட்சை அது. லாபம் உண்டா, செயல்பாட்டு ரொக்கம் லாபத்தைவிட அதிகமா, கடன் குறைந்ததா என்றெல்லாம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். விலை குறைந்து கிடக்கும் பங்குகளில் தேறுபவை எவை என்று பொறுக்க உண்டாக்கியது. டிரஸ்ட்டுக்குப் போட்டால் இரண்டு மார்க் அநியாயமாகப் போகும்: புது யூனிட் வெளியிட்டால் ஒன்று, கடன் வாங்கிச் சொத்து சேர்த்தால் ஒன்று. ரொக்கத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிற டிரஸ்ட் வேறெப்படி வளரும்? ரொக்கம் பற்றிய இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். ப்ராஜெக்ட்டுக்குத்தான் கேட்கிறீர்கள் என்றால், இரண்டு ஸ்கோரும் ஒரே டிரஸ்ட்டுக்கு எங்கெங்கே முரண்படுகின்றன என்று எழுதுங்கள், அது சுவாரஸ்யமாக இருக்கும்.

கேள்வி: என் இன்விட்டிலிருந்து யூனிட்டுக்கு 3 ரூபாய் வந்தது. கூடவே வந்த தாளில் வட்டி 1.70, டிவிடெண்ட் 0.30, கடன் திருப்பம் 1.00 என்று இருக்கிறது. நான் யாருக்கும் கடன் கொடுக்கவே இல்லையே?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தொண்டி

பதில்: கொடுத்திருக்கிறீர்கள் டீச்சர், உங்களுக்குத் தெரியாமல். நீங்கள் போட்ட பணத்தை டிரஸ்ட் தன் கீழே இருக்கும் ப்ராஜெக்ட் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் கடனாகக் கொடுக்கிறது. அந்தக் கம்பெனி கட்டும் வட்டி உங்களுக்கு வட்டியாகவும், திருப்பும் அசல் உங்களுக்குக் கடன் திருப்பமாகவும் வருகிறது. ஆக அந்த ஒரு ரூபாய் வருமானம் இல்லை, உங்கள் முதலே திரும்பி வருகிறது. யூனிட் நூறு ரூபாய், வருஷத்துக்கு நாலு தடவை என்று வைத்து, மூன்று ரூபாயையும் சேர்த்து "நூற்றுக்குப் பன்னிரண்டு கிடைக்கிறது" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள், ரூபாய்க்கு ரூபாய் பார்த்தால் எட்டுதான்.

வட்டிப் பகுதி உங்கள் வருமான வரி அடுக்கில் சேரும், 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். டிவிடெண்டுக்கு வரி உண்டா இல்லையா என்பது கீழே இருக்கும் கம்பெனி எந்த வரி முறையைத் தேர்ந்தெடுத்தது என்பதைப் பொறுத்தது, தாளிலேயே போட்டிருக்கும். கடன் திருப்பத்துக்கு இப்போது வரி வராது, ஆனால் 100 ரூபாய்க்கு வாங்கிய யூனிட்டின் அடக்க விலை 99 ஆகக் குறையும், விற்கும்போது லாபம் அந்த அளவு கூடிக் காட்டும். இப்படித் திரும்பி வந்தது வெளியீட்டு விலையைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி உண்டு. 2023 பட்ஜெட்டில் வந்த ஏற்பாடு. வருஷா வருஷம் இந்தத் தாள்களை ஒரு கவரில் போட்டு வையுங்கள், விற்கிற வருஷம் ஆடிட்டர் கேட்பார்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவர் "முதலீட்டு டிரஸ்ட்" என்று போர்டு மாட்டி, லட்சத்துக்கு மாதம் இரண்டாயிரம் தருகிறார். இதற்கு ஸ்கோர் போட்டுப் பார்க்க முடியுமா?
– குடும்பத்தலைவி, ஏர்வாடி

பதில்: ஸ்கோர் போட முதலில் பேலன்ஸ் ஷீட் வேண்டும் அம்மா. அதைக் கேளுங்கள். கூடவே செபி பதிவு எண் கேளுங்கள், பட்டியல் செபி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டிரஸ்ட் என்று பெயர் வைக்க யாருக்கும் தடையில்லை. இன்விட்டாகவோ ரீட்டாகவோ இருந்து பொதுமக்களிடம் யூனிட் விற்க செபி பதிவு வேண்டும். நிஜ டிரஸ்ட் மாதம் இவ்வளவு நிச்சயம் என்று சொல்லவும் சொல்லாது, யூனிட் உங்கள் டீமேட் கணக்கில் தெரியும்.

எந்த அனுமதியும் இல்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதை 2019-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது. எண் கேட்டதும் "நம்ம ஊர்க்காரங்களுக்குள்ள எதுக்கு அதெல்லாம், டீ சாப்பிடுங்க" என்று பதில் வந்தால் டீயைக் குடித்துவிட்டு, போட்ட பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ரசீதுகளையும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் போட்டோ எடுத்து மகளின் போனிலும் ஒரு காப்பி வைத்துவிடுங்கள். பணம் வரவில்லையென்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசுக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.