ஸ்பிரேயா, ஸ்பட்டரிங்கா? எந்த லேபில் சேருவது?

கேள்வி: திருநெல்வேலி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருக்கிறேன். மெல்லிய படலத் துறையில் பிஎச்.டி. செய்து பேராசிரியர் ஆக வேண்டும் என்பது ஆசை. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் தெரிந்த கைடு ஒருவர் ஸ்பிரே பைராலிசிஸ் முறையில் 'நானோ' படலங்கள் என்று தலைப்பு தருகிறார். வெளிமாநிலத்தில் ஒரு தேசிய ஆய்வு நிறுவனத்தில் ஸ்பட்டரிங் (அயனிகளை மோதவிட்டுப் பொருளை உதிர்த்துப் படலமாக்குவது), க்ளீன் ரூம் (தூசி புகாத அறை) வேலை உள்ள புராஜெக்ட் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அது ஓராண்டுக்கு மட்டும்தான். இனி செமிகண்டக்டர்தான் எல்லாம் என்கிறார் அப்பா. எதைத் தேர்ந்தெடுப்பது? நான் கண்ணாடி போடுகிறவள். க்ளீன் ரூமில் அதற்குத் தடை உண்டா?

பதில்: முதலில் உங்கள் மூக்குக் கண்ணாடியையே கழற்றி, டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லேசாகப் பச்சையோ ஊதாவோ தெரிந்தால் அதில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சில் ஒவ்வொரு அடுக்கின் தடிமனும் நானோமீட்டர் கணக்கில் திட்டமிடப்பட்டது. சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கப் பளபளப்பும் அந்த வகைதான்; சில பத்து நானோமீட்டர் அலுமினியத்தை வேக்குவத்தில் (வெற்றிடத்தில்) ஆவியாக்கிப் படிய வைத்திருக்கிறார்கள். 'நானோ' என்ற சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதைச் செய்துகொண்டிருந்தவர்கள் மெல்லிய படலக்காரர்களான நாங்கள். அதனால் தலைப்பில் அந்தச் சொல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

எந்த முறை என்பதும் இரண்டாம் பட்சம்தான். ஸ்பிரே பைராலிசிஸை ஏழை வீட்டுப் பிள்ளை போலப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சூடான கண்ணாடித் தகட்டில் கரைசலைத் தெளித்து டின் ஆக்சைடு படலம் எடுப்பது உருப்படியான அறிவியல். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. படலத்தில் சிறிதளவு கலக்கும் வேற்றுப் பொருளை (டோபன்ட்) 2 சதவீதம், 4 சதவீதம், 6 சதவீதம் என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்ஆர்டி, எஸ்இஎம், யுவி என்ற வழக்கமான சோதனைகளை ஒவ்வொரு முறை எடுத்து, அளவீடுகளை வெளியே காசு கொடுத்து வாங்கி, நாலு கட்டுரை போட்டு முடிகிற பிஎச்.டி.க்கள் நிறைய வருகின்றன. 'உங்கள் படலம் ஏன் உரிந்தது?' என்று நேர்முகத்தில் கேட்டால் அவர்களால் வாய் திறக்க முடிவதில்லை. இந்தத் துறையில் உங்கள் சொத்து அந்தப் பதில்தான்.

படலம் எப்படிக் கெடுகிறது என்பதற்குக் கொஞ்சம் கணக்கு சொல்கிறேன். வளிமண்டல அழுத்தம் 760 டார் (டார் என்பது அழுத்த அலகு). நல்ல பம்ப் போட்டு, படலம் எடுக்கும் சேம்பருக்குள் அதை ஒரு டாரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று வையுங்கள். கேட்கப் பெரிய சாதனை போல இருக்கும். ஆனால் அந்த அழுத்தத்திலும், மீதமுள்ள வாயு மூலக்கூறுகள் சுமார் ஒரே நொடியில் உங்கள் கண்ணாடித் தகட்டின் மேல் முழுதாக ஓர் அடுக்கு படியும் அளவுக்கு வந்து மோதுகின்றன. நீங்கள் நொடிக்கு 1 ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) வேகத்தில் டைட்டானியம் படிய வைத்தால், வருகிற டைட்டானிய அணுக்களுக்கு ஏறக்குறைய ஈடாக அழுக்கும் வருகிறது. மோதுவதெல்லாம் ஒட்டாதுதான். ஆனால் ஆக்சிஜனும் நீராவியும் டைட்டானியத்தோடு ஒட்டாமல் போகாது. நீங்கள் டைட்டானியம் என்று பெயர் எழுதி வைத்த சேம்பிளில் கணிசமான பங்கு ஆக்சைடாக இருக்கும். அழுத்தத்தை இன்னும் பத்து மடங்கு குறைத்தால் அந்த ஒரு நொடி பத்து நொடியாகும். சேம்பரைச் சூடாக்கி ஈரத்தை விரட்டுவது, முதல் சில நிமிடம் ஷட்டரை மூடியபடியே டார்கெட்டை (படலத்துக்கான மூலப்பொருள் தகட்டை) சுத்தம் செய்வது, பம்பை இரவு முழுக்க ஓடவிடுவது எல்லாம் இதற்காகத்தான். புத்தகத்தில் ஒரு வரி, லேபில் ஒரு வருடம்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது மூன்று வாரம் என் படலங்கள் செல்லோடேப் வைத்து இழுத்தால் அப்படியே கையோடு வந்தன. தங்கம் கண்ணாடியில் நேராக ஒட்டாது, கீழே 5 நானோமீட்டர் குரோமியம் வேண்டும் என்பது தெரிந்துதான் செய்திருந்தேன். கழுவும் முறையை மாற்றினேன், குரோமியத்தை மாற்றினேன். கடைசியில் லேப் டெக்னீஷியன் ஒருவர்தான் காட்டிக்கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் எண்ணெய் ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் திரவ நைட்ரஜன் டிராப்பை யாரும் நிரப்பவில்லை. வேக்குவம் உண்டாக்கும் டிஃப்யூஷன் பம்பின் எண்ணெய் ஆவி மேலே ஏறித் தகட்டில் படிந்திருக்கிறது. எண்ணெய் தடவிய சுவரில் சுண்ணாம்பு அடித்த கதை. என் ஆய்வேட்டில் இது ஒரு வரிகூட இல்லை; பிறகு எனக்கு வேலை வாங்கித் தந்தது இந்த மூன்று வாரம்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

துறைக்குள் ஒரு நல்ல வாழ்க்கை எப்படி நகர்கிறது என்பதற்கு இயற்பியலாளர் டி. வெங்கடேசனைச் சொல்லலாம். இந்திய ஐஐடிகளில் படித்து அமெரிக்கா போனவர். பிஎச்.டி. காலத்தில் அவர் செய்தது ஒளியியல். பிறகு அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் அயனிக் கற்றைகள். 1987இல் இட்ரியம், பேரியம், காப்பர் ஆக்சைடு என்ற உயர்வெப்பநிலை மீகடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) வந்தபோது உலகமே அதைப் படலமாக்க முயன்றது. உலோகங்கள் மூன்றும் 1:2:3 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். தனித்தனியாக ஆவியாக்கினால் விகிதம் தப்பிவிடும். பெல்கோர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் அவருடைய குழு, மீகடத்தி வில்லையின் மேல் லேசர் துடிப்புகளை அடித்து, கிளம்பிய பிழம்பு அதே விகிதத்தோடு எதிரே போய்ப் படிவதைக் காட்டியது. இன்று பல ஆய்வகங்களில் இருக்கும் பல்ஸ்டு லேசர் படிவுக் கருவிகளின் பரவலுக்கு அதுவே தொடக்கம். பின்னர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், அந்தக் கருவிகளை விற்கும் நியோசெரா நிறுவனத்தின் நிறுவனர், அதன்பின் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். ஒளியியலில் லேசரைக் கையாண்ட பழக்கமும், படலத்தின் விகிதத்தை அயனிக் கற்றையால் அளக்கும் பழக்கமும் ஒரே ஆளிடம் இருந்தது தற்செயலாக இருக்கலாம். பொருள் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறும், கை மாறாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் தேர்வுக்கு வருகிறேன். இரண்டு இடத்துக்கும் நேரில் போங்கள். கைடின் கட்டுரைப் பட்டியலைப் பற்றிப் பேசாமல், கருவியின் லாக் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஓடியிருக்கிறது, பழுதானபோது யார் சரிசெய்தது, மாணவர்களே ஓட்டுகிறார்களா அல்லது சேம்பிளைக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருக்கிறார்களா என்று அதில் தெரிந்துவிடும். புராஜெக்ட் இடத்தில் நீங்களே ஓட்டலாம் என்றால், ஓராண்டு என்று யோசிக்காமல் போங்கள் என்பேன். அந்த ஓராண்டில் நெட் அல்லது கேட் எழுதி, பிஎச்.டி.க்கு அங்கேயோ ஏதாவது ஓர் ஐஐடியிலோ முயலலாம். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி.

வீட்டுச் சூழலால் ஊரிலேயே இருக்க வேண்டியிருந்தால் அதுவும் முட்டுச்சந்து அல்ல. பெங்களூரு ஐஐஎஸ்சியும் பம்பாய் ஐஐடியும் தொடங்கி, இப்போது சென்னை உட்பட வேறு சில ஐஐடிகளும் சேர்ந்திருக்கும் 'ஐஎன்யூபி' என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. வெளிக் கல்லூரி மாணவர்களுக்கு அவர்களுடைய க்ளீன் ரூமில் பயிற்சியும், நல்ல யோசனையோடு போனால் கருவிகளைப் பயன்படுத்த இடமும் தருகிறார்கள். ஸ்பிரே லேபில் படலம் எடுத்து, அதன் மேல் மின்முனைகளை அங்கே போய் வரைந்துகொண்டு வரலாம். விண்ணப்பிக்கக் கைடு சம்மதிப்பாரா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்பா சொல்வதில் பாதி சரி. குஜராத்தின் தோலேராவில் சிப் ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. அதைவிட உங்களுக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை முழுக்க முழுக்க மெல்லிய படல வேலை. கண்ணாடியில் சில மைக்ரான் காட்மியம் டெல்லுரைடு. இத்தகைய இடங்களில் பிராசஸ் இன்ஜினியர் வேலைக்கு வேக்குவம் தெரிந்த ஆள் வேண்டும். பேராசிரியர் வேலை அவ்வளவு சுலபமில்லை. பிஎச்.டி. ஐந்து ஆண்டு, அதன்பின் இரண்டு மூன்று ஆண்டு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை), அதற்கும் பிறகு காத்திருப்பு. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதில் நிலையான வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். வீட்டில் இதை இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. எங்கே சேர்ந்தாலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும் மேஜைக்கு முதல் நாளே தனியாகப் போகாதீர்கள். நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாது, அதனால் அலட்சியம் வரும். ஆனால் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் வைக்காத லேபில் அந்த வேலை செய்ய மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூக்குக் கண்ணாடிக்கு க்ளீன் ரூமில் தடையில்லை. அதன் மேலேயே பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். கான்டாக்ட் லென்ஸைத்தான் அமிலம் புழங்கும் இடங்களில் பலரும் அனுமதிப்பதில்லை. முகத்துக்குப் பவுடர், கண்ணுக்கு மை கூடாது. உதிர்கிற துகள் எல்லாமே அங்கே அழுக்கு. பூ வைத்துக்கொண்டு போனால் வாசலிலேயே எடுத்து வைக்கச் சொல்வார்கள்.