நீரோவின் பிடிலும் ஓர் இரும்பு வளையமும்

ஐயா,

வணக்கம். என் மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அடுத்த ஆண்டு விருப்பப் பாடமாகப் பண்டைய ரோமை எடுக்கப்போகிறேன் என்கிறாள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சோழர்களையே நாம் இன்னும் ஒழுங்காகப் படித்து முடிக்கவில்லை. அடிமைகளை வைத்து வேலை வாங்கி, மனிதர்களை விலங்குகளுக்குப் போட்டு வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றி இங்கே உட்கார்ந்துகொண்டு ஏன் படிக்க வேண்டும்? ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்று தெரிந்தால் போதாதா? வெள்ளைக்காரன் விட்டுப்போன பாடத்திட்டத்தின் மிச்சம்தானே இது? வீட்டில் இதைப் பேசினாலே சண்டை வருகிறது. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பிடிலிலிருந்தே தொடங்குகிறேன். நம் மேடைப் பேச்சாளர்களுக்கு அது பரம்பரைச் சொத்து. எந்தக் கட்சி ஆண்டாலும் எதிரணியில் ஒருவர் எழுந்து நீரோவின் கையில் பிடிலைக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்தக் கருவி அப்போது பிறக்கவே இல்லை. நீரோ மீட்டியது யாழ் போன்ற ஒரு நரம்புக் கருவி. கி.பி. 64 ஜூலையில் தீப்பிடித்தபோது அவன் ரோமிலேயே இல்லை. ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தான். தன் மாளிகையைத் தீ நெருங்கியபோதுதான் திரும்பி வந்தான். வீடிழந்தவர்களுக்காகத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானிய விலையைக் குறைத்தான்.

இதை நீரோவின் துதிபாடி யாரும் எழுதவில்லை. எழுதியவர் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். நீரோவை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. தீப்பிடித்தபோது சிறுவனாக இருந்தவர், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து இதை எழுதுகிறார். நகரின் பதினான்கு வட்டாரங்களில் நான்குதான் தப்பின என்கிறார். தீ எரிந்துகொண்டிருக்க, டிராய் நகரின் அழிவைப் பற்றி நீரோ பாடினான் என்ற பேச்சையும் குறிப்பிடுகிறார், ஆனால் வதந்தி என்று சொல்லித்தான். தற்செயலா, மன்னனின் சதியா என்பது உறுதியில்லை, இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள் என்கிறார். அவருக்குப் பின்வந்த, மன்னர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய சூட்டோனியஸுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. நீரோதான் கொளுத்தினான் என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார். எரிந்துபோன இடத்தில் தனக்கென்று 'தங்க மாளிகை' எழுப்பிக்கொண்டு, சந்தேகத்துக்கு நீரோவே எண்ணெய் வார்த்தான் என்பதும் உண்மை. பிடிக்காதவனைப் பற்றியும் கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே எழுதும் ஒருவரிடம் உங்கள் மகள் ஓராண்டு பாடம் கேட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

வெள்ளைக்காரனின் மிச்சம் என்றீர்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான். இங்கே வந்த துரைமார்கள் தங்களை ரோமானியர்களின் வாரிசாகவே நினைத்துக்கொண்டார்கள். ஐ.சி.எஸ். தேர்வில் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் மதிப்பெண்ணை வாரி வழங்கினார்கள். ஆனால் அவர்கள் உருப்போட்ட அந்த லத்தீனுக்குள்ளேயே அவர்களுக்கு எதிரான ஒரு குரல் இருந்தது. பிரிட்டனில் ஆளுநராக இருந்த அக்ரிகோலா என்ற தளபதி டாசிட்டஸின் மாமனார். மாமனாரின் பெருமையைச் சொல்ல எழுதிய நூலில், அவரோடு போரிட வந்த கால்ககஸ் என்ற பிரிட்டன் தலைவனை மருமகன் பேசவைக்கிறார்: கொள்ளைக்கும் கொலைக்கும் ஆட்சி என்று பொய்ப்பெயர் வைக்கிறார்கள், ஊரைப் பாலைவனமாக்கிவிட்டு அதை அமைதி என்கிறார்கள். இந்தப் பேச்சு டாசிட்டஸே இயற்றியது என்பதுதான் பொதுவான கருத்து. பேரரசைப் பற்றி அதைவிடக் கடுமையாக அதன் பகைவர்கள்கூடச் சொன்னதில்லை என்று எனக்குத் தோன்றும்.

என்னை ரோமின் பக்கம் இழுப்பது இதுதான். கொலோசியம், சாலை, சட்டம் எல்லாம் இருக்கட்டும். தங்களுக்கு எதிரான சாட்சியத்தை இவ்வளவு தாராளமாக விட்டுப்போனவர்கள் குறைவு. சில வேளை தெரிந்தே விட்டார்கள், பல வேளை தெரியாமல்.

அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்கிறீர்கள். ஆம். ரோமில் டயோக்ளீஷியன் குளியல்கூடத்தில் இயங்கும் அருங்காட்சியகத்தில் இரும்பாலான ஒரு கழுத்து வளையம் இருக்கிறது. கி.பி. நான்காம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம் ஊரில் நாய்க்குக் கட்டுவதுபோல அதில் ஒரு வில்லை தொங்குகிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறது: "நான் ஓடிவந்துவிட்டேன், என்னைப் பிடியுங்கள். என் எஜமான் சோனினஸிடம் திருப்பி ஒப்படைத்தால் ஒரு பொற்காசு கிடைக்கும்." வாசகம் தன்மையில் இருப்பதைக் கவனியுங்கள். 'நான்' என்று பேசுகிறது வளையம். அதை அணிந்திருந்தவரின் பெயர் அதில் இல்லை. எஜமானின் பெயர் இருக்கிறது. லத்தீனில் ஓர் எழுத்துப் பிழையும் இருக்கிறது. அவர்களைப் படிக்கவே கூடாது என்பதற்கு நீங்கள் சொல்லும் அதே காரணம்தான், படிக்க வேண்டும் என்று என்னைச் சொல்லவைக்கிறது.

இன்னொன்று. வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில், 1973 முதல் மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்துவருகின்றன. மையால் எழுதிய கடிதங்கள், கணக்குகள். ஈரமும் காற்றுப் புகாத மண்ணும் அவற்றைக் காப்பாற்றிவிட்டன. கி.பி. 100-ஐ ஒட்டி ஓர் அதிகாரியின் மனைவி கிளாடியா செவெரா தன் தோழி லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். எழுத்தர் எழுதிய கடிதத்தின் கீழே, தன் கைப்பட, சற்றே தடுமாறும் எழுத்தில் சில வரிகள் சேர்க்கிறாள். பெண்ணொருத்தி எழுதிய லத்தீன் கையெழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று. இன்னொரு கடிதம் காலுறைகளும் உள்ளாடைகளும் அனுப்பியதைச் சொல்கிறது. அந்தக் குளிரில் வேறென்ன கேட்பார்கள். மற்றொன்றில் உள்ளூர்க்காரர்களைக் குறிக்க ஒரு சொல் வருகிறது: 'பிரிட்டுன்குலி'. பிரிட்டன் பொடியன்கள் என்று சொல்லலாம். இத்தனைக்கும் அந்தக் கோட்டையில் இருந்தவை ரோம் முன்பே அடக்கிய பட்டேவியர், துங்ரியர் படைகள். நேற்று அடங்கியவன் இன்று அடங்குகிறவனை இளக்காரம் செய்யும் காட்சிக்கு உரை எதுவும் வேண்டியதில்லை, நமக்கு அது பழக்கமானதுதான்.

சோழர்களை முதலில் படிக்கலாமே என்றீர்கள். ஒன்றைப் படித்தால் மற்றதைப் படிக்கக் கூடாது என்று யார் சொன்னது? சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் யவனரின், அதாவது கிரேக்க, ரோமானியரின், கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறது. அந்த முசிறி வணிகத்துக்கான கடன் பத்திரமோ எகிப்தின் பாப்பிரஸ் தாளில், கிரேக்க மொழியில், இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டு இன்று வியன்னாவில் இருக்கிறது. பாட்டு நம்மிடம், பத்திரம் அவர்களிடம். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த ஆள் நமக்கு வேண்டும்.

ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றிக் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கான ஆடல் மகளிர், 400 பேர். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, யாருடைய பெயர் என்ன என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து வந்தவர்கள். அரசன் அவர்களைப் பற்றிச் சொன்னது அத்தனையும் அங்கே உண்டு. அவர்கள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் எவ்வளவு தூரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். அந்தக் கழுத்து வளையத்தின் கதையைப் போகிற வழியில் அவளைச் சொல்லச் சொல்லுங்கள்.