கேட்டமைன் போதை மருந்தாமே, அம்மாவுக்குப் போடச் சம்மதிக்கலாமா?

அம்மாவின் ஆபரேஷனுக்குக் கேட்டமைன் என்ற மயக்க மருந்து போடப்போவதாகச் சொன்னார்கள், தேடிப் பார்த்தால் போதை மருந்து என்று வருகிறது, சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மயக்க மருந்து மருத்துவர். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காதவன் என்பதால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்: பயப்பட வேண்டாம்.

2023இல் அமெரிக்க நடிகர் மாத்யூ பெர்ரி கேட்டமைனால் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அது மருத்துவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் வீட்டில் நடந்தது. ஆபரேஷன் தியேட்டர் கதையே வேறு.

ஒருமுறை விபத்தில் தொடை எலும்பு நொறுங்கிய பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஏகப்பட்ட ரத்தம் போய், பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. மற்ற மயக்க மருந்துகள் பலவும் அதை இன்னும் இறக்கிவிடும். கேட்டமைன் பெரும்பாலும் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும், மூச்சையும் அவ்வளவாக அடக்காது. அளவைக் குறைத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. கண் மட்டும் திறந்தே இருந்தது, கருவிழி மெதுவாக இடமும் வலமும் ஆடியது. கடைவாயில் வழிந்த எச்சிலை நர்ஸ் துடைத்துக்கொண்டே இருந்தார். "சார், முழிச்சிட்டாரு" என்று பயிற்சி மாணவர் பதறினார். முழிக்கவில்லை. காலை இழுத்து நேராக்கியபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை.

மனசு உடம்பை விட்டு விலகியது போன்ற அந்த நிலைக்காகத்தான் சிலர் இதை மூக்கில் உறிஞ்சுகிறார்கள். அடிக்கடி எடுத்தால் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்கும். அப்படி வந்த ஒரு பையனுக்கு, உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பதற்காக நானே மயக்கம் கொடுத்திருக்கிறேன். அரை மணிக்கொரு தரம் கழிப்பறைக்கு ஓடுவான், ரத்தமாகப் போகும். இருபதுகூட ஆகாத வயசு.

மருந்துக் கம்பெனிக்காகப் பேசுகிறேன் என்று யாராவது கிளம்புவீர்கள். 1962இல் கண்டுபிடித்து 1970இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து இது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் எல்லோரும் சர்ஜன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். மூச்சையும் நாடியையும் பார்த்தபடி தலைமாட்டிலேயே இருந்தவரின் பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, அம்மா விஷயம். மயக்கம் தெளியும்போது சிலருக்கு ஏதேதோ காட்சிகள் தெரியும், உளறுவார்கள். அது அடங்க இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுப்போம். ரத்தக்கொதிப்பு, இதயக் கோளாறு, மனநலச் சிகிச்சை எது இருந்தாலும் மறைக்காமல் மயக்க மருந்து மருத்துவரிடமே சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் வேறு மருந்துக்கு மாறிக்கொள்வார்.