ஜீனி மேக்பெர்சன்: நடிகையாகத் தொடங்கி எழுத்தாளரானவர்

ஹாலிவுட்டின் மௌனப்படக் காலத்தில் நடிப்பிலிருந்து திரைக்கதை எழுத்துக்கு மாறிய பெண்கள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் உண்டு, நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் ஜீனி மேக்பெர்சன்.

பாஸ்டனில் பிறந்த அவர், பயோகிராஃப் நிறுவனத்தில் டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய குறும்படங்களில் நடித்துத் திரைத்துறைக்குள் வந்தார். யூனிவர்சல் நிறுவனத்தில் சில படங்களை எழுதவும் இயக்கவும் செய்தார். 1910களின் நடுப்பகுதியில் செசில் பி. டெமில்லுடன் இணைந்த பிறகு, மௌனப்படக் காலம் முடியும்வரை அந்த இயக்குநரின் பெரும்பாலான படங்களுக்கு எழுதியவர் அவரே. இருந்தும் புகழ் முழுவதும் டெமில்லுக்கே போய்ச் சேர்ந்தது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அவருடைய திறனை அறிய 1923இல் வெளிவந்த 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' (பத்துக் கட்டளைகள்) படம் ஒன்றே போதும். முதற்பகுதி, கடவுளிடமிருந்து அந்தக் கட்டளைகளைப் பெற்றதாக விவிலியம் சொல்லும் மோசேயின் வரலாறு. இரண்டாம் பகுதியோ படம் வெளிவந்த காலத்து அமெரிக்காவில் நடக்கும் குடும்பக் கதை. பக்தி மிகுந்த தாயின் மகன்களில் ஒருவன் கட்டட ஒப்பந்தக்காரனாகி, பண ஆசையால் தேவாலயத்தைத் தரமற்ற கலவையில் கட்டுகிறான். அதன் சுவர் இடிந்து அவனுடைய தாயின் மீதே விழுகிறது. கட்டளையை மீறுவதன் விளைவை, வசனத்தின் துணையின்றி, ஒரு சுவரின் வழியாகவே பார்வையாளருக்கு உணர்த்திவிடுகிறார்.

அவர் எழுதி டெமில் இயக்கிய 'தி கிங் ஆஃப் கிங்ஸ்' படம் வெளியான 1927ஆம் ஆண்டிலேயே, ஆஸ்கர் விருது வழங்கும் அகாதெமி தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்கள் 36 பேரில் பெண்கள் மூவர்: மேரி பிக்ஃபோர்ட், பெஸ் மெரிடித், ஜீனி மேக்பெர்சன். பெஸ் மெரிடித்தும் நடிகையாக வந்து எழுத்தாளரானவர்தான். மேக்பெர்சன் 1946இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.