பை கலங்கினால் அன்றைக்கே கிளம்புங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு எட்டு மாதமாக வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ், அதாவது வயிற்றில் வைத்த குழாய் வழியே பையிலிருக்கும் தண்ணீரை உள்ளே விட்டு, உடம்பின் கழிவோடு வெளியே எடுப்பது. தினமும் மூன்று பை, நான்தான் மாற்றுகிறேன். போன மாதம் ஒருநாள் வெளியே வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. வலி இல்லை என்றார், கழிவறையில் ஊற்றிவிட்டேன். மறுநாள் காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி, பத்து நாள் ஆஸ்பத்திரி. கை கழுவித்தான் செய்கிறேன். என் தவறா?
– ஒரு மகள், கும்பகோணம்

பதில்: பதினாறு வருடமாக வீட்டு டயாலிசிஸ் பழக்கிக்கொடுக்கும் நர்ஸ் நான். கிருமி வந்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள், சகோதரி. எவ்வளவு கவனமாக இருக்கும் வீட்டிலும் வருகிறது. ஆனால் அந்தப் பையைக் கொட்டியிருக்கக் கூடாது.

வலிக்கு முன்பே தண்ணீர் கலங்கிவிடலாம். வெளியேறிய பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து மங்கி, அரிசி களைந்த தண்ணீர்போல இருந்தால் ராத்திரியானாலும் அந்தப் பையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே அந்தத் தண்ணீரைச் சோதிப்பார்கள்; ஒரு மைக்ரோலிட்டரில் 100க்கு மேல் வெள்ளையணுக்கள், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் (கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணு வகை) என்றால், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவார்கள். ஆன்டிபயாடிக்கைப் பெரும்பாலும் டயாலிசிஸ் தண்ணீரிலேயே கலந்து வயிற்றுக்குள் விடுவார்கள். ஐந்து நாளாகியும் தெளியவில்லை என்றால் குழாயையே எடுக்க வேண்டி வரலாம். அதனால்தான் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

கை கழுவுவது சரி, நன்றாக உலரத் துடைக்கிறீர்களா? நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்கு, பை மாற்றும்போது குழாய் மூடி திறந்திருக்கும் அந்தச் சில நொடி போதும். ஃபேனை நிறுத்துங்கள், மே மாதத்தில் கஷ்டம்தான், தெரியும். ஜன்னலைச் சாத்தி, இருவரும் மாஸ்க் போடுங்கள். போன் அடித்தால் அடிக்கட்டும். குழாய் முனை எதிலாவது பட்டுவிட்டால் உடனே கிளாம்ப் (குழாயை அடைக்கும் கிளிப்) போடுங்கள், தண்ணீரை உள்ளே விடாதீர்கள், ஆஸ்பத்திரி டயாலிசிஸ் யூனிட்டைக் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்கு மலச்சிக்கல் உண்டா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், குடல் கிருமிகளும் வயிற்றுக்குள் புகும். பூனை வளர்த்தால் அந்த அறைக்குள் விடவே வேண்டாம். குழாயைக் கடித்துத் தொற்று வந்தவர்கள் உண்டு. குழாய் வெளியே வரும் துளையைத் தினமும் பாருங்கள். சிவப்போ சீழோ தெரிந்தால் அதையும் காட்டுங்கள்.

அடுத்த முறை யூனிட்டுக்குப் போகும்போது அங்கிருக்கும் நர்ஸ் முன்னால் ஒரு பையை முழுதாக மாற்றிக் காட்டுங்கள். தொற்று வந்துபோன எல்லாரிடமும் இதை நான் கேட்பேன். வீட்டில் செய்வதுபோலவே, அவசரமில்லாமல் செய்யுங்கள். கை எங்கே தவறுகிறது என்று அவர் பார்த்துச் சொல்வார்.