தாம்பரம் பக்கம் வீடு பார்க்கலாமா? போக்குவரத்து முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி?

கிண்டியில் வேலை, தாம்பரம் அல்லது சேலையூர் பக்கம் வீடு தேடுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதையில் ரயில் ஓடிய காலத்திலிருந்து நான் கிழக்குத் தாம்பரத்தில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சென்னைக்குள் போய் வர தாம்பரத்தைப் போல வசதியான புறநகர் குறைவு. ஆனால் தாம்பரத்துக்குள்ளேயே கிழக்கிலிருந்து மேற்கே போவது பெரும்பாடு. ஏறி உட்கார்ந்துவிட்டால் கிண்டிக்கு ரயிலில் அரை மணிகூட ஆகாது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வருவதற்குச் சில தெருக்காரர்களுக்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது. வீடு தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான், தரகர்கள் வாயே திறக்காததும் இதைப் பற்றித்தான்.

ரயில் கதை பழையது. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. அப்போது தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனியின் கையில் இருந்தது இந்தத் தடம். அந்தக் காலத்தில் தாம்பரம் ஊருக்கு வெளியே, மரமும் வெட்டவெளியுமாகக் கிடந்த இடம். காற்று நன்றாக இருக்கும் என்றுதான் 1928-ல் இங்கே காசநோய் சானடோரியம் கட்டினார்கள். (இன்று மாலை ஆறு மணிக்கு ஜி.எஸ்.டி. எனப்படும் கிராண்ட் சதர்ன் ட்ரங்க் சாலையில் நின்று யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.) 1937-ல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரத்தின் நடுவிலிருந்து இங்கே இடம் மாறியது. அத்தனை பேரையும் சுமந்தது அந்த மின்சார ரயில்தான்.

மீட்டர் கேஜ் பெட்டி அகலம் குறைவு. எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் முட்டும். 2004 ஜூலையோடு அது நின்று, புறநகர் ரயில்கள் எல்லாம் அகலப் பாதைக்கு மாறின. அந்தப் பெட்டிகள் மேல் எனக்குப் பெரிய ஏக்கம் ஒன்றும் கிடையாது, நெரிசலில் கசங்கியவன் நான். இன்று அதே தடம் செங்கல்பட்டு வரை நீண்டு ஓடுகிறது. குறைந்த கட்டணம் 5 ரூபாய். 2025 ஏப்ரலில் ஏசி மின்ரயிலும் விட்டார்கள், அதில் ஏறி உட்காரக் குறைந்தது 35 ரூபாய் வேண்டும். தினமும் போகிறவருக்கு சாதாரண ரயிலில் சீசன் டிக்கெட்டை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

வெளியூர் ரயில்களுக்கும் முன்பெல்லாம் எழும்பூர்தான் கதி. இப்போது தென்மாவட்டங்களுக்குப் போகும் ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கின்றன, சில இங்கிருந்தே கிளம்புகின்றன. புதிய பாம்பன் பாலத்தை 2025-ல் திறந்தபோது விட்ட ராமேஸ்வரம் ரயிலும் தாம்பரத்துக்குத்தான். பெட்டி படுக்கையோடு எழும்பூர் வரை போய்த் திரும்பிய தலைமுறைக்கு இது எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ரயில் பாதை ஊரை இரண்டாக வகிர்ந்துவிட்டது. மேற்கே ஸ்டேஷனை விட்டு இறங்கினால் ஜி.எஸ்.டி. சாலை. 18ஏ, 21ஜி பஸ்கள் எல்லாம் அங்கேதான். கிழக்கே வேளச்சேரி சாலை. சேலையூர், கேம்ப் ரோடு, செம்பாக்கம், மேடவாக்கம் என்று நீளுகிறது. முன்பு இரண்டையும் இணைத்தது ஒரு ரயில்வே கேட். சில நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் தடத்தில் கேட் என்றால் என்ன ஆகும்? திறந்திருக்கும் நேரத்தைவிட மூடியிருக்கும் நேரம்தான் அதிகம். சைக்கிளைச் சாய்த்துக் குறுக்குக் கம்பிக்குக் கீழே நுழைகிறவர்களை தினமும் பார்க்கலாம். பிறகு மேம்பாலம் வந்தது, கேட் தொல்லை ஒழிந்தது. ஆனால் மேம்பாலம் வண்டிக்காரர்களுக்குத்தான். நடக்கிறவர்கள் ரயில் நிலைய நடைமேம்பாலத்தையே தெருப் பாலமாக்கிக்கொண்டார்கள். மேற்கே காய்கறி வாங்கிக்கொண்டு கிழக்கே வீட்டுக்குப் போகிறவரும், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவரும் அதே படியில் இடித்துக்கொள்வார்கள்.

வேளச்சேரி சாலை ஏன் இப்படித் திணறுகிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கிழக்குப் பக்கம் கிறித்துவக் கல்லூரி வளாகம் மட்டும் சுமார் 365 ஏக்கர். அதைத் தாண்டினால் விமானப்படைத் தளம். இவற்றின் குறுக்கே பொதுச்சாலை போட முடியாது, போடவும் கூடாது. கல்லூரி வளாகத்துக் காடு ஒன்றுதான் இந்தப் பக்கத்துக்கு மிச்சமிருக்கும் நுரையீரல். ஆகவே அகரம்தென், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று புதிதாக எழுந்த அத்தனை நகர்களின் வண்டிகளும் கடைசியில் இந்த ஒரே சாலையில்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. உட்புற நகர்களுக்கு 2013-ல் விட்ட சிற்றுந்து கொஞ்சம் உதவியது. மற்ற நேரத்துக்கு ஷேர் ஆட்டோதான், மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆளாக. ஓ.எம்.ஆர். என்ற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போகும் 99-ஆம் நம்பர் பஸ் இருக்கிறது.

மேற்குப் பக்கம் முடிச்சூர் சாலை, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் வரை போகிறது. வாடகை ஓரளவு மலிவு. ஆனால் 2015 டிசம்பர் மழையை மறக்க வேண்டாம். ஒரே நாளில் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. கொட்டியது, அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்தப் பக்கம் பார்த்தால் அந்த வருடம் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று தரகரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள்.

வெளிவட்டத்தில் நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. பெருங்களத்தூரில் தொடங்கி மதுரவாயல் வழியாகப் புழல் வரை பைபாஸ், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை. முன்பு லாரியெல்லாம் ஊருக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும்.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பற்றியும் கேட்பீர்கள். 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். வெளியூர் பஸ்ஸுக்காகக் கோயம்பேட்டுக்கு அலைந்த எங்களுக்கு லாபம், வடசென்னைக்காரர்களுக்கு நஷ்டம், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் பொங்கல், தீபாவளி என்றால் பெருங்களத்தூர் ரோட்டோரத்தில் குழந்தைகளோடு நின்று, ஓடும் பஸ்ஸை மறித்துக் கை காட்ட வேண்டும். இப்போது கூரைக்குக் கீழே உட்கார இடம் இருக்கிறது. என் வருத்தம் ஒன்றுதான்: ரயில் பாதை சாலைக்கு அந்தப் பக்கத்திலேயே போகிறது, ஆனாலும் ரயில் நிலையம் இல்லாமலே பேருந்து நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். ஸ்டேஷனைக் கட்டிவிட்டுத் திறந்திருந்தால் அந்த முதல் மாதங்களின் புலம்பலில் பாதி இருந்திருக்காது.

மெட்ரோவை நம்பி விலை சொன்னால் கொடுக்காதீர்கள். 2016-ல் விமான நிலையம் வரை வந்தது. அங்கிருந்து கிளாம்பாக்கம் வரையிலான சுமார் 15 கி.மீ. நீட்டிப்பை விளம்பரத்தில் போட்டு வீடு விற்பவர்கள் ஏராளம். ரயில் ஓட ஆரம்பித்த பிறகு அந்த விலையைப் பேசிக்கொள்ளலாம்.

உங்களுக்கு என் யோசனை: கிண்டி வேலைக்கு, ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைத்தால் கிழக்கா மேற்கா என்று பார்க்காமல் எடுத்துவிடுங்கள், ஒரு அறை குறைந்தாலும் பரவாயில்லை. தாம்பரத்தில் கட்டுப்படியாகவில்லை என்றால் சானடோரியம், குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் பாருங்கள், அதே ரயில்தான். கேம்ப் ரோட்டைத் தாண்டி உள்ளே பார்த்தால், காலை எட்டரைக்கு ஒரு வேலை நாளில் அந்த வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். வீடு காட்ட ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வார்கள், அன்றைக்கு வேளச்சேரி சாலையில் யாரும் ஆபீஸ் போவதில்லை.